கடைசிப் பதினாறு பக்கங்கள்

எங்கள் நூலகத்தில் மூன்று நிற ஒட்டுத்தாள்கள்.
துப்பறியும் கதைக்குச் சிவப்பு.
காதலுக்கு நீலம்.
பேய்க்கும் பிசாசுக்கும்
வேறெங்கும் அடங்காத எல்லாவற்றுக்கும் சாம்பல்.
அந்தக் கலங்கரை விளக்க நாவலின் முதுகில்
எதை ஒட்டுவதென்று தெரியாமல்
நவம்பர் முழுக்க மேசையில் கிடத்தியிருந்தேன்,
யாராவது இரவல் கேட்கும் நாட்கள் தவிர.

இந்த ஊரில் எந்த வழக்கும்
நீச்சல் குளத்து வெந்நீர்த் தொட்டிக்குத்தான் வரும்.
கழுத்துவரை முப்பத்தொன்பது டிகிரி,
தலையில் பனி.
நாலுக்கு முன்பே போய்விட்ட சூரியனை
யாரும் தேடுவதில்லை.

‘பிணம் இருக்கிறது, போலீஸ்காரி இருக்கிறாள்.
சிவப்புதான், இதிலென்ன யோசனை’
என்றார் பனியள்ளும் வண்டி ஓட்டும் பெர்க்ஸ்வெய்ன்.

‘பிணம் இருந்தால் போதுமா?
அப்படியானால் நம் தேவாலயத் தோட்டமே
ஒரு தொடர்கதை’
என்றாள் மீன் ஆலைக் கணக்கர் ஸ்டெய்னுன்.
‘கொன்றவன் யாரென்று
முதல் அத்தியாயத்திலேயே சொல்லிவிடுகிறான்.
யார் என்பதல்ல, ஏன் என்பதுதான் கேள்வி.
அதற்குப் பெயர் வேறு.’

‘என்ன பெயர்?’

‘இலக்கியம்.’

எல்லோரும் சிரித்தோம். பெர்க்ஸ்வெய்ன் சிரிக்கவில்லை.
‘எனக்கு ஒன்று பிடித்துவிட்டால் போதும்,
உடனே அது இலக்கியம் என்று
என் கையிலிருந்து பிடுங்கிக்கொள்வாய்.’

கொஞ்ச நேரம் தண்ணீர் மட்டும் பேசியது.

பல் மருத்துவர் ஊல்ஃபார்
சொத்தையைச் சுட்டும் நிதானத்தில் ஆரம்பித்தார்:
‘கதைசொல்லியை நம்பினால் கெட்டோம்.
நூற்றுப் பதினெட்டில்
இடக்கையால் கையுறையைக் கழற்றுகிறான்,
நூற்று நாற்பதில் அவனுக்கு இடக்கையே இல்லை.
விளக்கைத் தானே அணைத்துவிட்டுப்
புயல்மேல் பழி போடுகிறான்.’

‘முடிவைச் சொன்னீர்கள் என்றால்
சூட்டை நிறுத்திவிடுவேன்.’
கரையிலிருந்து சோல்ரூன்.
பத்தொன்பது வயது, உயிர்காப்பாளர்,
வரிசையில் அடுத்த பெயர் அவளுடையது.

அவள் குளத்துப் பக்கம் நகர்ந்ததும் சொன்னார்கள்.
கடலில் குதிக்கிறான் என்றார் பெர்க்ஸ்வெய்ன்,
குளிர்ந்த அலையின் ஓசையைக்கூட விவரித்து.
இல்லை, திரும்பி மேலேறிப்போய்
விளக்கை ஏற்றுகிறான் என்றாள் ஸ்டெய்னுன்,
கடைசி வரியை நினைவிலிருந்து ஒப்பித்தாள்.
அழகான வரி.
அவன் முதலிலிருந்தே பிணம்,
எழுதியது முழுக்கத் தங்கை என்றார் ஊல்ஃபார்.
மூவரும் நீரைக் குத்தி அடித்துச் சத்தியம் செய்தார்கள்.

நான் மோவாய்வரை அமிழ்ந்துகொண்டேன்.

ஊருக்கே அந்த ஒரே பிரதிதான்.
இருநூற்று நாற்பது பக்கமென்று அட்டவணை சொல்லும்.
இருநூற்று இருபத்து நாலில்
‘அவள் கதவைத் திறந்தபோது’ என்று
பாதி வாக்கியத்தில் நிற்கும்.
கடைசி மடிப்பைத் தைக்க அச்சகம் மறந்திருக்கிறது.
மூன்று பேர் இரவல் வாங்கினார்கள்,
மூன்று பேர் கெடுவுக்குள் திருப்பினார்கள்,
ஒருவரும் வாய் திறக்கவில்லை.

நம்பத்தகாத கதைசொல்லிக்குப் பெயர் வைத்தவர்கள்
நம்பத்தகாத வாசகருக்கு
ஏன் ஒரு சொல் வைக்கவில்லை?

டிசம்பர் முதல் வாரம்
குளோரின் வாசனையோடு வந்து நின்றாள் சோல்ரூன்,
புத்தகத்தை மேசையில் கவிழ்த்தாள்.
‘முடிவு எங்கே?’

நாலு வாசகரில் ஒருத்தி கேட்டுவிட்டாள்.
அவளுக்கு நான் நேரான பதில் சொல்லியிருக்கலாம்.
‘பெர்க்ஸ்வெய்னைக் கேள்.
அப்புறம் ஸ்டெய்னுனை. தனித்தனியாக’ என்றேன்.
முறைத்தாள்.
போகும்போது பூட்ஸைத் தேவைக்குமேல் உதறினாள்.

தலைநகரிலிருந்து முழுப் பிரதி
அதற்கு முந்திய செவ்வாயே தபாலில் வந்துவிட்டது.
என் இழுப்பறையில், நீல நிறத் தாள்களுக்கு அடியில்.
இன்னும் உறையைப் பிரிக்கவில்லை
என்றுதான் எல்லோரிடமும் சொல்வேன்.

முதுகில் எதுவும் ஒட்டவில்லை.
பெர்க்ஸ்வெய்ன் கேட்டால், சிவப்பு.